குசினிச் சொற்கள்: பலெர்மோவிலிருந்து வந்த ஒரு கொப்பி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா என்னை அழைத்து, "நீரிழிவும் நமது உணவும் என்று ஏதாவது பேசு" என்றார். வைத்தியர் என்றால் வேறென்ன பேசப்போகிறார் என்று நினைத்திருப்பார். நான் இத்தாலிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். செயலாளர் அக்கா பயப்பட வேண்டாம், நீரிழிவும் இடையில் வரும்.

சிலாபத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். மாரவில தாண்டி வென்னப்புவ வரும்போது வீதியின் இருபுறமும் வீடுகள் மாறிவிடும். தூண் வைத்த மாடி வீடுகள், வளைந்த பல்கனிகள், பாதி வீடுகளில் ஆளில்லை. அந்த ஊரைச் 'சின்ன இத்தாலி' என்கிறார்கள். இன்று இத்தாலியில் இலங்கையர் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இருக்கிறார்கள். மிலான், நாப்போலி, வெரோனா, ரோம், கத்தானியா, பலெர்மோ என்று பரந்திருக்கிறார்கள். அதில் நமது மாவட்டக் கரையிலிருந்து போனவர்கள் ஏராளம். பெரும்பாலோர் சிங்களவர், நம்மவர்களும் உண்டு. வீடு துடைக்க, சமைக்க, வயோதிபரைப் பார்க்கப் போனார்கள். வயோதிபரைப் பார்ப்பவருக்கு அங்கே 'பதாந்தே' என்று பெயர். கவனித்துக்கொள்பவர் என்று பொருள்.

ஆறாம் ஆண்டிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் அப்படிப் போனவள்தான். அவளுடைய அனுமதியோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டுப் பேசுகிறேன். உயர்தரப் பரீட்சையில் எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அவள் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குப் போனாள். 2002ஆம் ஆண்டு இத்தாலி அரசாங்கம் வீட்டு வேலையாட்களுக்கும் பதாந்தேக்களுக்கும் பொதுமன்னிப்புக் கொடுத்து வதிவிட அனுமதி வழங்கியபோதுதான் அவளுக்குக் கடதாசி கிடைத்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அங்கே இருந்துவிட்டு, தாயாருக்கு இயலாமல் போனதும் திரும்பி வந்தாள். நமது நூற்றாண்டு மலரில் சாதனையாளர் பக்கம் ஒன்று இருக்கிறது. என் படம் அதில் இருக்கிறது. அவளுடையது இல்லை.

அவளிடம் ஒரு கொப்பி உண்டு. எண்பது பக்கச் சதுரக் கோட்டுக் கொப்பி. போன முதல் வருடம் முதல் அவள் காதில் விழுந்த குசினிச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். அதை எனக்கு ஒரு வாரம் வாசிக்கத் தந்தாள். சமையற் குறிப்புகளின் முடிவில் அடிக்கடி 'கு.ப.' என்று இருந்தது. ஏதோ வாசனைத் திரவியம் என்று நினைத்தேன். கேட்டால் 'குவாந்தோ பஸ்தா' என்றாள். போதுமான அளவு என்று அர்த்தம். உப்பு கு.ப., எண்ணெய் கு.ப. மருந்து கலப்பவர்கள் லத்தீனில் 'குவாந்தும் சுஃபிசிட்' என்று எழுதுவதும் இதே பொருளில்தான். அம்மாமாரிடம் கேட்டால் "அளவாகப் போடு பிள்ளை" என்பார்களே, அதே.

முதல் பக்கங்களில் அவள் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த சொல்லை எழுதியிருக்கிறாள். குச்சீனா, குசினி. பானே, பாண். இன்சலாத்தா, சலாது. அனனாஸ், அன்னாசி. அர்மாதியோ, அலுமாரி. பாங்கோ, வாங்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மேசைக்கு அங்கே பாங்கோ என்றுதான் பெயராம். போர்த்துக்கேயர் நமது கரையில் விட்டுப்போன சொற்கள் இவை. போர்த்துக்கேயமும் இத்தாலியமும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். ஆகவே, நாநூறு வருடத்துக்கு முன் வந்த கப்பற்காரர் கொடுத்த சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சிலாபத்துப் பெண் பலெர்மோவில் முதல் மாதத்தைச் சமாளித்திருக்கிறாள். எப்போதும் சரி வரவில்லை. வீட்டுக்கார அம்மா 'தொவாலியா' கேட்க, இவள் 'துவாய்' என்று எண்ணிக் குளியலறையிலிருந்து துவாயை எடுத்துக்கொண்டு ஓடினாளாம். அந்த அம்மா கேட்டது மேசை விரிப்பை. இரண்டு சொல்லும் உறவுதான், போய்ச்சேர்ந்த இடம் வேறு. சியபாத்தா என்ற பாண் இப்போது கொழும்பிலும் கிடைக்கிறது. தட்டையாக, செருப்புப் போல இருப்பதால் அந்தப் பெயர். சியபாத்தா என்றால் செருப்பு. நமது சப்பாத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

மனையியல் அறையில் டீச்சர் மக்கரோனி செய்து காட்டியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதுதான் இத்தாலிச் சாப்பாடு என்று நாம் நினைத்திருந்தோம். 'இத்தாலிச் சாப்பாடு' என்று ஒன்று இல்லை என்பதுதான் அந்தக் கொப்பியிலிருந்து நான் படித்த முதற் பாடம். இத்தாலி ஒரே நாடானது 1861இல். அதற்கு முன் பல அரசுகள், பல பேச்சுகள், பல குசினிகள். பெல்லக்ரீனோ அர்த்தூசி என்ற பட்டு வியாபாரி, தொழிலை விட்டு ஓய்ந்தபின் பல பிரதேசங்களின் குறிப்புகளைச் சேர்த்து 1891இல் தன் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். இத்தாலியருக்குப் பொதுவான ஒரு குசினி மொழியைக் கொடுத்தது அந்த நூல் என்பார்கள். ஆனாலும் இன்றுவரை மீன் குழம்பு லிவோர்னோவில் 'கச்சுக்கோ', கிழக்கே அத்ரியாத்திக் கரையில் 'ப்ரொதெத்தோ', ஜெனோவாவில் 'புரித்தா'. சிரிக்க வேண்டாம். புத்தளத்துத் தோழிகள் வீட்டில் 'ஆணம்' என்பார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர் 'குழம்பு' என்பார், எங்கள் வீட்டில் எல்லாமே 'கறி'. பாடசாலை விடுதியில் இந்த மூன்று சொல்லுக்கும் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் இத்தாலி போன ஒவ்வொருத்தியும் எந்த ஊரில் இறங்கினாளோ அந்த ஊரின் வாயைத்தான் கொண்டுவந்திருக்கிறாள். மிலானில் இருந்தவர்களைக் கேட்டால் குங்குமப்பூப் போட்டு மஞ்சளாகக் கிண்டும் 'ரிஸொத்தோ' என்பார்கள். வெரோனாவில் இருந்தவர்கள் 'பொலெந்தா' என்பார்கள். சோள மாவைக் கிண்டிக் கிண்டிச் செய்யும் களி அது. எங்களுக்கு மருத்துவ பீடத்தில் பெலாக்ரா என்ற நோயைப் படிப்பித்தார்கள். தோல் தடித்து வெடிக்கும், வயிற்றோட்டம் வரும், புத்தி தடுமாறும். நயாசின் என்ற விற்றமின் குறைவதால் வருவது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேனே தவிர, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. அது வட இத்தாலியப் பேச்சுச் சொல், சொரசொரத்த தோல் என்று பொருள். வேறொன்றும் வாங்க வசதியில்லாமல் பொலெந்தாவை மட்டுமே தின்ற ஏழைக் கமக்காரருக்கு வந்த வருத்தம். மிலானைச் சேர்ந்த ஃப்ரப்பொல்லி என்ற வைத்தியர் 1771இல் அந்தச் சொல்லை எழுத்தில் வைத்தார். இன்று அதே பொலெந்தாவை இறைச்சியோடும் சீஸோடும் நல்ல உணவகங்களில் வைக்கிறார்கள்.

என் தோழி போனது தெற்கே, அதனால் அவள் கொப்பி முழுக்கச் சிசிலி. அங்கே சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே இறைச்சி வைத்துப் பொரிப்பார்கள். பலெர்மோவில் அதன் பெயர் 'அரான்ச்சினா', பெண்பால். தீவின் மறுகரையில் கத்தானியாவில் 'அரான்ச்சினோ', ஆண்பால். பெயரை மாற்றிச் சொன்னால் கடைக்காரன் முகம் மாறுமாம். டிசம்பர் 13, புனித லூசியாள் திருநாள். நமது கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்குரிய அதே லூசியாள்தான். அன்று பலெர்மோ மக்கள் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். அதற்குப் பதிலாக நாள் முழுவதும் அரான்ச்சினா! விரதம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்? அங்குள்ள நமது தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லக்ரீனோ மலைமேல் இருக்கும் புனித ரொசாலியாவிடம் போகிறார்கள். தலவில அன்னம்மாளிடம் எல்லாரும் போவது போல.

தீவின் மேற்கு முனையில் திராபானி என்ற ஊர். அவள் ஒருமுறை வேலைவீட்டாருடன் அங்கே போயிருக்கிறாள். "இறங்கினவுடன் புத்தளம் மாதிரியே இருந்துதடி" என்றாள். உப்பளங்கள், தட்டையான கரை, ஓயாத காற்று, உப்புக் குவியல்கள். அங்குள்ளவர்கள் 'குஸ்குசு' சாப்பிடுகிறார்கள். எதிர்க்கரையான துனிசியாப் பக்கத்திலிருந்து கடல் வழியாக வந்த உணவு. அது எப்படிச் செய்வார்கள் என்று கொப்பியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அகன்ற மண் சட்டியில் ரவையைப் போட்டு, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, விரல் நுனியால் வட்டமாக உருட்டுவது. கட்டி பிடிக்கவும் கூடாது, மாவாகவும் இருக்கக் கூடாது. பிறகு துளையுள்ள மண்பானையில் வைத்து, இரண்டு பானையும் சேரும் இடத்தை மாவால் பூசி அடைத்து, ஆவியில் அவிப்பது. அவிந்ததும் மீன் சாற்றை ஊற்றி, கம்பளியால் போர்த்தி ஊற வைப்பது. ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: பிட்டு.

வேலைவீட்டு அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் அன்று அவளுக்கு மா உருட்டக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறார். இவள் சட்டியை வாங்கி இரண்டு நிமிடத்தில் உருட்டிக் காட்டியிருக்கிறாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இருபது வருடத்தில் அங்கே தன் கையை ஒருவர் அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான் என்றாள்.

இனி நீரிழிவுக்கு வருகிறேன். என்னுடைய பிழையும் இங்கேதான் வருகிறது.

அவள் திரும்பி வந்து சில மாதங்களில் என்னைக் காண வந்தாள். எச்.பி.ஏ.1.சி. ஒன்பதுக்கு மேல். நான் பழகிய கையால் காட்டில் எழுதினேன்: பாஸ்தா, பீசா முற்றாக நிறுத்தவும். வாசித்துவிட்டுச் சிரித்தாள். "எந்தப் பாஸ்தாடி?" என்று கேட்டாள்.

அவள் பலெர்மோவில் சாப்பிட்ட பாஸ்தா, தராசில் நிறுத்த 80 கிராம். அங்கே ஒருவருக்குரிய அளவு அது. கடின கோதுமை ரவையில் செய்தது. காய வைத்த பாஸ்தாவை வேறு மாவில் செய்து விற்கக் கூடாது என்று 1967இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கொதிநீரிலிருந்து 'அல் தெந்தே' பதத்தில், அதாவது பல்லுக்குச் சற்றுக் கடிபடும் பதத்தில், எடுத்துவிடுவார்கள். அதோடு பருப்போ கடலையோ புரொக்கோலியோ சேரும். அப்படிக் கடிபட இருக்கும் பாஸ்தா மெதுவாகத்தான் செரிக்கும், சீனியும் மெதுவாகத்தான் ஏறும். குழைய அவித்தால் சீக்கிரம் ஏறும். அங்கே இருந்தவரை அவளுடைய சீனி கட்டுக்குள் இருந்தது. ஊருக்கு வந்தபின் மூன்று வேளையும் சோறு, பாண், இடியப்பம், சீனித் தேநீர். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்காக அரை மணித்தியாலம் அவித்து, இனிப்புச் சோஸ் ஊற்றிய மக்கரோனி. இரண்டுக்கும் நான் ஒரே சொல்லை எழுதிவிட்டு, அவளுக்கு உதவிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கருவாட்டுக் கதையும் அப்படித்தான். அங்கே உலர்ந்த மீனில் இரண்டு வகை. உப்பிட்டு உலர்த்தியது 'பக்கலா'. உப்பில்லாமல் காற்றில் உலர்த்தியது 'ஸ்தொக்கஃபிஸ்ஸோ'. விசென்ஸா ஊர்க்காரர் மட்டும் இரண்டாவதைச் சமைத்துவிட்டு அதற்கும் பக்கலா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. விஷயம் என்னவென்றால், பக்கலாவை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பை இறக்கிய பிறகுதான் சமைப்பார்கள். நாம் கருவாட்டை ஒருமுறை அலசி அப்படியே சட்டியில் போடுகிறோம். உடப்பு, கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் பிரஷர்காரரிடம் "கருவாட்டை விடுங்கள்" என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். ஒருவரும் விடவில்லை. இப்போது "இரவே ஊறப் போடுங்கள், மூன்றுதரம் தண்ணீர் மாற்றுங்கள், வாரத்தில் ஒருநாள் போதும்" என்கிறேன். கேட்கிறார்கள். ஊறிய கருவாட்டில் ருசி இல்லை என்று முறைப்பாடும் செய்கிறார்கள்.

அவளுடைய தாயாரை நம்மில் பலருக்குத் தெரியும். இடைவேளைக்கு நமக்கெல்லாம் சேர்த்துச் சாப்பாடு கட்டி அனுப்பியவர். அவருக்குப் பாரிசவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோனது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது காட்டில் 'மென்மையான உணவு' என்று எழுதியிருந்தது. எந்த வைத்தியசாலையிலும் அப்படித்தான் எழுதுவோம், நானும் நூற்றுக்கணக்கான காட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டில் மென்மை என்றால் கஞ்சித் தண்ணீர். இன்னொரு வீட்டில் தேநீரில் தோய்த்த பாண். உறவினர் வந்து அன்பாக இளநீர் ஊற்றுவார்கள். பாரிசவாதத்தில் தொண்டை பலவீனப்பட்டவருக்கு இவைதான் ஆபத்து. தண்ணீராக இருப்பது விழுங்கு முன்பே சுவாசக் குழாய்க்குள் வழிந்துவிடும். பிறகு நிமோனியா. அம்மாவுக்கு மகள் வந்து சேர முன்பே இரண்டுதரம் நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

நான் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது அவள் அம்மாவை நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறிய கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்தாள். கோப்பையில் இருந்தது 'செமொலீனோ'. கோழிச் சாற்றில் ரவையைக் கட்டியில்லாமல் கிண்டியது. இயலாதவருக்கு அங்கே கொடுக்கும் சாப்பாட்டுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. வயிறு சரியில்லையென்றால் 'இன் பியான்கோ', வெள்ளையாக, சோற்றில் ஒலிவ் எண்ணெய் மட்டும். தேறி வருபவருக்கு 'பஸ்தீனா', அரிசி மணியளவு பாஸ்தா, சாற்றில். விழுங்க முடியாதவருக்குச் செமொலீனோ. வேலைவீட்டு அம்மாவுக்கு அவள் அதைக் கடைசி நான்கு வருடம் ஊட்டியிருக்கிறாள். புரைக்கேறுவதை அவர்கள் 'குறுக்கே போனது' என்பார்களாம். "நாலு வருஷத்தில் மூன்றுதரம்தான் குறுக்கே போக விட்டேன்" என்றாள். நாளும் சொன்னாள்.

உறவினர் அவளைப் பேசியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து தாய்க்கு ஒரு வாய் இளநீர் கொடுக்க மனமில்லை என்று. அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். "டொக்டர் சொன்னால் கேட்பினம், நான் சொன்னால் கேட்கமாட்டினம். நீ சொல்லு" என்றாள். அவள் செய்துகொண்டிருந்ததையே நான் அவர்களுக்கு என் வாயால் திருப்பிச் சொன்னேன். கேட்டார்கள். எனக்கு அன்று பெருமையாக இருக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் தாமாகத் தொடங்கிவிட வேண்டாம். முதலில் விழுங்கும் பரிசோதனை செய்விக்க வேண்டும், பேச்சுச் சிகிச்சையாளர் இருந்தால் கேட்க வேண்டும். நான் இப்போது காட்டில் 'மென்மையான உணவு' என்று எழுதுவதில்லை. நமக்குப் 'பதம்' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கத் தெரியாத வீடு நமது கரையில் இல்லை. ஆகவே இப்படி எழுதுகிறேன்: கரண்டியைச் சரித்தால் ஒழுகாமல், மொத்தமாக மெதுவாக விழும் பதம், கட்டி இருக்கக் கூடாது, தேநீரில் தோய்த்த பாண் கூடாது. மூன்று வரி எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மா இருக்கிறார். இடக்கையால் சைகை காட்டுகிறார். போன கிழமை நான் போனபோது செமொலீனோக் கோப்பையைத் தள்ளிவிட்டு, குசினிப் பக்கம் கையைக் காட்டினார். ரவை அலுத்துவிட்டதாம். மகள் பயற்றம் மாவைத் தேங்காய்ப்பாலில் அதே பதத்துக்குக் கிண்டிக் கொடுத்தாள், குறுக்கே போகவில்லை. அதையும் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமார், தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். இப்படிக் கொப்பி வைத்திருப்பவர்கள், அல்லது தலைக்குள் வைத்திருப்பவர்கள், எந்த ஊர்க் குசினியாக இருந்தாலும் சங்கச் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். படம் தேவையில்லை.

என் தோழி இந்த மண்டபத்தில் இல்லை. காலையிலிருந்து மனையியல் அறையில் நிற்கிறாள். 'பனெல்லே' செய்கிறாள். கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, ஆறவிட்டு, துண்டு வெட்டிப் பொரிப்பது, பலெர்மோத் தெருக்களில் பாணுக்குள் வைத்து விற்பது. பொரித்த கையோடு சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நீரிழிவு உள்ளவர்கள் பாணை விட்டுவிட்டு இரண்டு துண்டு எடுக்கலாம். மணி பன்னிரண்டரை ஆகிறது, நான் முடித்துக்கொள்கிறேன்.